நாயின் சேற்றுக்கால்: கழுவுவதா, துடைப்பதா, காயவிடுவதா?

வசந்தகாலச் சேறு மற்ற காலத்துச் சேறு மாதிரி இருப்பதில்லை. பனி விழும் இடங்களில் மேல்மண் இளகிவிடும். அடிமண் இன்னும் உறைந்தே கிடக்கும். உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி நிற்கும். பனி இல்லாத இடங்களில் விட்டுவிட்டுப் பெய்யும் மழை அதே வேலையைச் செய்துவிடுகிறது. புல்லும் இன்னும் தழைத்திருக்காது. நாய் அதில் நாலு சுற்று ஓடிவிட்டு வந்தால் கால், வயிறு, வால், மோவாய் என்று ஓரிடம் பாக்கியிருக்காது.

இதற்கு வழி சொல்பவர்கள் நிறையப் பேர். துண்டு என்பார் ஒருவர், கால் கழுவும் குவளை என்பார் இன்னொருவர், காலுறை என்பார் மூன்றாமவர். எது சரி என்பதை மூன்று விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: உங்கள் மண், உங்கள் நாயின் முடி, நாய் ஒரு நாளில் எத்தனை தடவை வெளியே போகிறது என்பது. முதல் இரண்டையும் பலர் யோசிக்கிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். நாலு தடவை வெளியே போகும் நாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஏழு நிமிடம் செலவழித்தால் நாளுக்கு அரைமணி நேரம். எப்பேர்ப்பட்டவரும் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவார். இரண்டு நிமிடத்தில் முடியாத எதையும் அன்றாட முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கட்சி. மற்றவை சேறு மிஞ்சிப்போன நாளுக்கு.

முதலில் மண்ணைப் பாருங்கள்

நாய் ஓடும் இடத்திலிருந்து உள்ளங்கையில் அடங்கும் அளவு ஈரமண் எடுத்து, கல் குப்பை நீக்கிப் பிசையுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துப் பட்டையாகத் தள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் அது களிமண். 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் கலப்பு மண். பட்டையே வராமல் விரலில் நறநறவென்று உதிர்ந்தால் மணல்.

இந்த ஒரு நிமிடச் சோதனை பல வீண் செலவைத் தடுக்கும். மணல் காய்ந்தால் தானே உதிரும். அதனால் வரும் தொல்லை தரைக் கீறல்தான். களிமண்ணின் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அகலாது, பரவும். முழுக்கக் காயவிட்டால் சுருங்கி வெடித்து, முடியிலிருந்து தானே கழன்று விழும். அரைகுறையாகக் காய்ந்த களிமண்தான் மோசம்: கழுவினாலும் வழுக்கும், சீவினாலும் இழுக்கும். களிமண் நாயை ஒன்று உடனே கழுவ வேண்டும், இல்லையென்றால் முழுக்கக் காயும்வரை தொடக் கூடாது.

துண்டு

எல்லாரிடமும் இருப்பது, எல்லாரும் தப்பாகச் செய்வதும் இதுதான். பாதத்தைத் துண்டால் பரபரவென்று தேய்த்தால் மேலே சுத்தமாகத் தெரியும். சேறு முடியின் அடிக்கும் விரலிடுக்குக்கும் போயிருக்கும். நாய் பத்து அடி நடந்ததும் அது தரையில் அச்சாக விழும். துடைத்தேனே, எப்படி வந்தது என்ற குழப்பம் இதனால்தான்.

தேய்க்காமல் பொதிந்து அழுத்த வேண்டும். துண்டை உள்ளங்கையில் விரித்து, பாதத்தை அதில் வைத்து, கையை முஷ்டிபோல் மூடி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். துண்டின் உலர்ந்த பக்கத்துக்கு மாறி இன்னொரு தடவை. அடுத்து, பாதத்தின் அடியில் மெத்தைபோல் இருக்கும் நடுத்திண்டுக்கும் விரல் திண்டுகளுக்கும் இடையே இருக்கும் குழிக்குள் துணி சுற்றிய சுட்டுவிரலை விட்டு, நகத்தை நோக்கி முன்பக்கமாக இழுங்கள். சேறு தங்கும் இடம் அந்தக் குழிதான். முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கும் ஒற்றை விரலையும் விட்டுவிடாதீர்கள். அதன் பின்னால் ஒரு உருண்டை எப்போதும் ஒளிந்திருக்கும்.

பருத்தித் துண்டைவிட மைக்ரோஃபைபர் துண்டு வேகமாக ஈரம் இழுக்கும். ஆனால் அதைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் இழைகளில் படலம் படிந்து, ஈரம் இழுக்கும் குணம் போய்விடும். நாலு தடவை வெளியே போகும் நாய்க்கு ஆறு முதல் எட்டுத் துண்டு சுழற்சியில் இருந்தால்தான் உலர்ந்த துண்டு கைக்குக் கிடைக்கும். சேற்றுத் துண்டை அப்படியே வாஷிங் மெஷினில் போடாதீர்கள். காயவிட்டு, வெளியே நாலு உதறு உதறி, பிறகு போடுங்கள். இல்லையென்றால் வண்டல் வடிகால் ஃபில்டரில் சேர்ந்து ஒரு நாள் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும்.

கலப்பு மண், குட்டை முடி என்றால் துண்டே போதும். களிமண்ணும் நீளமுடியும் சேர்ந்தால் துண்டு மட்டும் போதாது.

தொட்டி, குவளை, தெளிப்பான்

கழுவுவதில் மூன்று வழி. மூன்றிலும் எங்களுக்குப் பிடித்தது ஆழமில்லாத அகலத் தொட்டி. தண்ணீர் 5 அல்லது 6 சென்டிமீட்டர், வெதுவெதுப்பாக. அடியில் ஒரு ரப்பர் விரிப்பு கட்டாயம்; வழுக்கினால் நாய் ஒரே தடவையில் தொட்டியை வெறுத்துவிடும், பிறகு எதைக் காட்டியும் ஏறாது. முன்னங்கால் இரண்டையும் இறக்கி இருபது வினாடி நிற்கவிடுங்கள். நாய் எடை மாற்றி மாற்றி மிதிப்பதே விரலிடுக்குகளை அகட்டிச் சேற்றைக் கரைக்கும். பிறகு பின்னங்கால்கள். கை அழுக்காவது குறைவு, காலைத் தூக்கிப் பிடிக்கும் மல்யுத்தமும் இல்லை.

சோப்பு வேண்டாம். சேறு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தண்ணீருக்கே போகும். தினம் நாலு தடவை சோப்பு பட்டால் தோல் வறண்டுபோகும். மிச்சத்தை நாய் நக்கும். கழுவிய தண்ணீரை வீட்டுக் குழாயில் ஊற்றினால் வண்டல் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளியே மண்ணில் ஊற்றுங்கள்.

உள்ளே சிலிகான் முட்கள் உள்ள கால் கழுவும் குவளை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, பாதத்தை இறக்கி, இடமும் வலமுமாக மூன்று முறை திருப்பி எடுக்க வேண்டும். பாதி நிரப்பினால் பாதம் உள்ளே போனதும் தண்ணீர் உங்கள் மடியில். அளவு பார்க்கும்போது நாய் நிற்கையில் விரிந்திருக்கும் பாதத்தின் அகலத்தை அளக்க வேண்டும். தூக்கிப் பிடித்த பாதம் சுருங்கியிருக்கும், அதை அளந்து வாங்கினால் குவளை சிறிதாகப் போகும். இதில் சிக்கல்கள்: இரண்டு காலுக்குள் தண்ணீர் கூழாகிவிடும், மாற்றாவிட்டால் மூன்றாம் காலைச் சேற்றில் கழுவுகிறீர்கள். நீளமுடி முட்களில் சுற்றிக்கொள்ளும். மூட்டுவலி உள்ள வயதான நாய் மூன்று காலில் நிற்கத் தடுமாறும். குட்டைமுடிச் சிறிய நாய்க்குச் சரி. மற்றவர்கள் இதை வாங்கி அலமாரியில் வைப்பதோடு சரி.

வயிறுவரை சேறாகும் பெரிய நாய்க்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வகையைச் சேர்ந்த 5 லிட்டர் கைத்தெளிப்பான் நன்றாக உதவும். புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். ஒரு தடவையாவது பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கலந்ததை எவ்வளவு கழுவினாலும் நாய்க்குப் பயன்படுத்தக் கூடாது. வெதுவெதுப்பான நீர், அகலமாக விரியும் முனை, மேலிருந்து கீழாக. தோட்டத்து ஹோஸ் குழாய் இதற்கு ஈடில்லை: குளிர்ந்த நீர், அதிக அழுத்தம், பொடிக்கல்லை விரலிடுக்குக்குள் செலுத்துவதும் அதுதான்.

எந்த வழியில் கழுவினாலும் துண்டால் ஈரம் ஒற்றியே தீர வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நின்றால் ஈஸ்ட் பெருகி, தோல் சிவந்து, நாய் ஓயாமல் பாதத்தை நக்கத் தொடங்கும். சரியாக உலர்த்தாமல் தினம் நாலு தடவை கழுவுவதைவிடக் கழுவாமலே இருப்பது மேல்.

காயவிடுதல்

சோம்பேறிகளின் வழி என்று ஒதுக்காதீர்கள். இரட்டை முடி (மேல்முடிக்கு அடியில் இன்னொரு அடுக்கு மென்முடி), கம்பிபோல் முரடான முடி, வழவழப்பான குட்டைமுடி உள்ள நாய்களுக்குக் களிமண் ஊரில் இதுவே பல நேரம் சிறந்த வழி. மேல்முடியில் உள்ள இயற்கை எண்ணெய் சேற்றைப் பிடிக்கவிடாது. கழுவக் குடங்குடமாய்த் தண்ணீர் கேட்கும் சேறு, ஒரு மணி நேரம் காய்ந்தபின் பத்து இழுப்பில் போய்விடும்.

வேண்டியது ஒரே ஒரு இடம்: டைல்ஸ் தரை, கதவோ தடுப்போ இருக்க வேண்டும், கீழே பழைய போர்வை. முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். விரலால் நசுக்கினால் பொடியாக வேண்டும். பிசைந்தால் இன்னும் நேரமாகவில்லை. குட்டைமுடிக்கு ரப்பர் பிரஷ், நீளமுடிக்கு முதலில் அகலப்பல் சீப்பு, பிறகு பிரஷ். கடைசியில் போர்வையை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்து வெளியே உதறினால் வேலை முடிந்தது.

சுருட்டைமுடி நாய்க்கு இது ஆகாது. சேறு முடியோடு பின்னிக் கட்டியாகும். சீவினால் வலிக்கும், கடைசியில் கத்தரிக்கோல்தான் கதி. நடுங்கும் நாய், குட்டி, மிகவும் வயதானது ஆகியவற்றையும் ஈரத்தோடு விடக் கூடாது. சாலையில் பனிக்குப் போட்ட உப்பு, உரம், பூச்சிமருந்து தெளித்த புல், நத்தைக்கொல்லி குருணை ஆகியவற்றில் நடந்துவந்த நாயைக் காயவிடவே கூடாது, காய்வதற்குள் நக்கிவிடும். நத்தைக்கொல்லிகள் பலவற்றில் இருக்கும் மெட்டால்டிஹைடு நாய்க்குக் கொடிய நஞ்சு. அன்றைக்குத் தொட்டிதான்.

காலுறையும் கவச உடையும் ஈரத்துணியும்

காலுறை: சரியாகப் பொருந்தினால் நூற்றுக்கு நூறு. பொருந்துவதுதான் அபூர்வம். தளர்வாக இருந்தால் சேற்றிலேயே கழன்று நிற்கும். இறுக்கமாக இருந்தால் ஒற்றை விரலில் உராய்ந்து புண்ணாகும். நாலு காலுக்கும் மாட்டிக் கழற்றும் நேரத்தில் தொட்டியில் இரண்டு தடவை கழுவிவிடலாம். பாதத்தில் காயம் இருக்கும் நாய்க்கு மட்டும் யோசியுங்கள்.

வயிற்றையும் தொடையையும் மூடும் மெல்லிய உடை வேறு கதை. குட்டைக்கால் நீளமுடி நாய்க்கு வயிற்றுச் சேறுதான் பெரிய வேலை. அதை இது முக்கால்வாசி தவிர்க்கும். அக்குளில் உராய்கிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள்.

ஈரத்துணிப் பாக்கெட் தூசிக்குச் சரி, சேற்றுக்கு வீண்: ஒரு காலுக்கு நாலைந்து போகும். வாங்கினால் வாசனை இல்லாததாக, தேயிலைமர எண்ணெயும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் நாய்க்கு ஆகாது.

மிதியடி

மேலே சொன்ன எதைத் தேர்ந்தாலும் இது கூட இருக்க வேண்டும். நிலைப்படிக்கு வெளியே தேங்காய்நார் அல்லது ரப்பரில் சுரண்டும் மிதியடி, உள்ளே நீர் உறிஞ்சும் தடித்த மிதியடி. மனிதர்களுக்கான அரை மீட்டர் மிதியடியை நாய் ஒரே எட்டில் தாண்டிவிடும். ஈரமண்ணில் நாயின் அடிச்சுவட்டைப் பார்த்து, ஒரே பாதத்தின் இரண்டு சுவடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள். உள்மிதியடி அந்தத் தூரத்தில் இரண்டு மடங்காவது நீளம் இருந்தால் ஒவ்வொரு பாதமும் இரண்டு தடவை பதியும். கீழே வழுக்காத ரப்பர் அடி வேண்டும். மிதியடி முடியும் இடத்தில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்றைப் போட்டால் துடைக்கும் முன் நாய் சோபாவுக்குப் பாய முடியாது. பல வீடுகளில் பாக்கி எல்லாம் இருந்தும் இந்தத் தடுப்பு இல்லாததால்தான் தோற்கிறார்கள்.

நனைந்து ஊறிய மிதியடி சேற்றைத் தடுக்காது, பரிமாறும். இரண்டு வைத்து மாற்றுங்கள்.

உள்ளே வருமுன் வாசலுக்கு வெளியே அரைநிமிடம் நிறுத்தி, உதற விடுங்கள். பெரிய நாய் ஒரு வினாடிக்கு நாலைந்து தடவை உடலைச் சுழற்றும். முடியிலுள்ள நீரில் பெரும்பகுதி அதிலேயே தெறித்துப் போகும். உள்ளே வந்து உதறினால் அது முழுக்கச் சுவரில். உதறும்போதெல்லாம் "உதறு" என்று சொல்லித் தின்பண்டம் கொடுத்துவந்தால், சில வாரத்தில் சொன்னால் உதறும்.

திண்டுகளுக்கு இடையே வளரும் முடியைத் திண்டின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் அல்லது சிறிய டிரிம்மர். உள்ளே தோண்டி வெட்ட வேண்டாம், தோல் மடிப்பு கிழியும். நீளமுடி நாய்க்கு இந்த ஒரு வேலை எந்தச் சாதனத்தையும்விட அதிகப் பலன் தரும்.

தப்பித்து உள்ளே வந்த சேறு

சேறு தரையில் விழுந்ததும் மாப் எடுப்பது இயல்பு. எடுக்காதீர்கள். ஈரச் சேற்றை ஈர மாப்பால் துடைத்தால் மெல்லிய பூச்சாகப் பரவி, காய்ந்ததும் வெள்ளைப் புகைபோல் தரை முழுக்கத் தெரியும். கட்டியாக இருப்பதை அட்டையால் வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் காயவிடுங்கள். பிறகு வாக்குவம், அதுவும் சுழலும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு. சுழலவிட்டால் மணல் தெறித்துத் தரையைக் கீறும். மணலில் உள்ள குவார்ட்ஸ், மரத்தரையின் பூச்சைவிடக் கடினமானது. அதன்பின் இரண்டு பக்கெட் வைத்து மாப்: ஒன்றில் துடைக்கும் நீர், இன்னொன்றில் மாப்பை அலசும் நீர். ஒரே பக்கெட்டில் செய்தால் மூன்றாம் முக்கில் சேற்றுநீர்தான் பூசுகிறீர்கள்.

ரோபோ வாக்குவம் காய்ந்த பொடிக்கு நல்ல வேலைக்காரன். ஈரச்சேறு இருந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வீடு முழுக்கக் கோடு போடும். பகலில் நாய் வெளியே போகாத நேரத்துக்கு அட்டவணை போடுங்கள். நீராவி மாப் பீங்கான் டைல்ஸுக்கு மட்டும். மரத்திலும் லேமினேட்டிலும் இணைப்புகள் ஊதிப்போகும். வினிகரைப் பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் ஊற்றினால் மெருகு போகும். தினசரித் துடைப்புக்குக் கிருமிநாசினி தேவையில்லை. காயாத கிருமிநாசினியில் நாய் நடந்து பாதத்தை நக்குவது சேற்றைவிட மோசம்.

கம்பளத்தில் பட்டால் பொறுமைதான் மருந்து. முழுக்கக் காயவிட்டு, மழுங்கிய கத்தியால் உடைத்து, வாக்குவம் போடுங்கள். மிச்சக் கறைக்கு 250 மில்லி வெதுநீரில் கால் டீஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவம். வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றியெடுங்கள். பிறகு வெறும் நீரில் நனைத்த துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் அழுத்துங்கள். சோப்பு மிஞ்சினால் அந்த இடம் பிசுபிசுத்து அடுத்த வாரமே முன்னைவிடக் கறுக்கும். செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. அதன்மேல் குளோரின் ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் ஊன்றும்.

வெளியே செய்யக்கூடியது

முற்றம் உங்களுடையதாக இருந்தால் வாசலுக்கு முன்னுள்ள கடைசி மூன்று நான்கு மீட்டரை மட்டும் சரிசெய்யுங்கள். முழுத் தோட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. மரச்சில்லு 8 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடலாம். பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் மக்கிப்போகும், மேலே மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொக்கோ ஓட்டுச் சில்லு வேண்டவே வேண்டாம்: சாக்லேட்டில் உள்ள அதே தியோப்ரோமின் அதிலும் இருக்கிறது, வாசனையும் இழுக்கும். உருண்டைக் கூழாங்கல் 10 மில்லிமீட்டர் அளவில், கீழே நீர் இறங்கும் துணி விரித்து, 5 சென்டிமீட்டர் கனம் போட்டால் நெடுநாள் நிற்கும். சிறுநீர் வாடை ஏறும், அவ்வப்போது நீரடித்து விட வேண்டும். உடைத்த கூர்கல் மலிவு என்று போட்டால் பாதம் கிழியும். கல்லைத் தின்னும் பழக்கமுள்ள நாய் என்றால் சில்லுதான்.

யாருக்கு எது

குட்டைமுடி, கலப்பு மண், அடுக்குமாடி: நீள மிதியடி, துண்டு. அவ்வளவுதான், குவளைகூட வேண்டாம். இரட்டை முடி, களிமண், தடுத்து வைக்க ஓர் அறை: காயவிடுங்கள், விருந்தாளி வரும் நாளுக்கு மட்டும் தொட்டி. சுருட்டைமுடி அல்லது தரையில் உரசும் நீளமுடி: வயிற்றுடை, தொட்டி, திண்டிடை முடிவெட்டு மூன்றும் சேர்த்து. இரண்டு பெரிய நாய்கள் என்றால் கைத்தெளிப்பானும் தடுப்புக் கதவும். ஒன்றைக் கழுவும்போது மற்றதை நிறுத்திவைக்க இடமில்லையென்றால் எந்த முறையும் உருப்படாது.

காலைத் தொடவிடாத நாய்க்குச் சேறு இல்லாத நாளில் பழக்க வேண்டும். மிதியடியில் நிற்கவைத்து, பாதத்தைத் தொட்டவுடன் ஒரு சிறு தின்பண்டம். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு வினாடி தூக்கினால். பிறகு துண்டு பட்டால். அது காலை உருவிக்கொள்ளுமுன் நீங்கள் விட்டுவிட வேண்டும். உருவியபிறகு விட்டால், உருவினால் விடுவார்கள் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

துடைத்து முடித்ததும் விரலிடுக்கை ஒரு தடவை தடவிப் பாருங்கள்: உண்ணி, புல்விதை, வெடிப்பு. சகதிநீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம், மண்ணில் உருளைப்புழு முட்டை இருக்கலாம். அதனால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை. இல்லாவிட்டாலும், நாயை உள்ளே விட்டுவிட்டு வேறெதையும் தொடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.